பாரசீகரிடம் யூதர்கள் வாங்கியது என்ன: சாத்தானா, சொல்லா?

2 ஜூன், காலை 10.15 (கேள்வி)

பாபிலோன் சிறையிருப்புக்கு முன்னால் யூதர்களிடம் சாத்தான் கிடையாது. சொர்க்கம், நரகம், செத்தவர் எழுவது எதுவும் கிடையாது. தேவதூதர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. பாரசீக அரசன் கோரேசு (சைரஸ்) வந்து விடுவித்தான், அதன்பின் இதெல்லாம் வந்துவிட்டது. ஆக மொத்தமும் பழைய பாரசீகரின் ஜரதுஷ்டிர மதத்திலிருந்து எடுத்தது. கோரேசு உருளையே சாட்சி. மறுக்க என்ன இருக்கிறது?

2 ஜூன், பகல் 1.40

உருளையிலிருந்தே தொடங்குவோம். நீங்கள் கூப்பிட்ட சாட்சி உங்களுக்கு எதிராகப் பேசுகிறது. 1879-இல் ஹொர்முஸ்த் ரஸ்ஸாம் பாபிலோனில் தோண்டி எடுத்த களிமண் உருளை அது. நீளம் சுமார் 22.5 செ.மீ., மொழி அக்காடியம், எழுத்து ஆப்பெழுத்து, இப்போது இருப்பது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். கோரேசைக் கைபிடித்து அழைத்து வந்த கடவுள் என்று அது சொல்வது பாபிலோனியக் கடவுள் மர்துக்கை. ஜரதுஷ்டிர மதத்தின் கடவுளான அஹுர மஸ்தா பெயர் அதில் இல்லை. எருசலேமும் இல்லை, யூதாவும் இல்லை. திருப்பி அனுப்பப்பட்ட சிலைகளும் மக்களும் மெசபொத்தாமியப் பக்கத்து ஊர்களுக்குப் போகிறார்கள்.

விவிலியத்தில், எஸ்றா 1-இல் அதே கோரேசு "பரலோகத்தின் தேவன்" பெயரில் ஆணை போடுகிறான். பாபிலோனியரிடம் மர்துக், யூதரிடம் யாவே. பிடித்த ஊரில் அந்த ஊர்ச் சாமி பெயரைச் சொல்லி ஆள்வது மெசபொத்தாமிய அரசர்களின் பழைய வழக்கம்தான். இதை வைத்துக் கோரேசு ஜரதுஷ்டிரரின் சீடன் என்றுகூட நிறுவ முடியாது. அப்புறமல்லவா அவன் யூதருக்குப் பாடம் எடுத்தது!

(அஹுர மஸ்தா உருளையில் இல்லாவிட்டாலும் அதைத் தோண்டியவர் பெயரில் இருக்கிறார். ஹொர்முஸ்த் என்பது அதே பெயரின் பிற்கால வடிவம். ரஸ்ஸாமோ மொசூல் ஊர்க் கிறிஸ்தவர்.)

2 ஜூன், இரவு 9.05

கேள்வியில் சரியானதையும் சொல்லிவிட வேண்டும். சாத்தான் விஷயத்தில் ஏதோ மாறியிருக்கிறது, அதை ஒரே கதையின் இரண்டு பிரதிகளில் பார்க்கலாம். தாவீது குடிக்கணக்கு எடுத்த கதை. 2 சாமுவேல் 24:1-இல் கணக்கெடுக்கத் தாவீதை ஏவுவது கர்த்தரின் கோபம். பிற்பாடு, பாரசீகர் காலத்திலோ அதை ஒட்டியோ எழுதப்பட்ட 1 நாளாகமம் 21:1-இல் அதே வேலையைச் செய்வது சாத்தான். கெட்டதைக் கடவுள் கையிலிருந்து எடுத்து வேறொருவன் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் யோபுவிலும் சகரியா 3-லும் வருபவன் "ஹ-சாத்தான்". எபிரேயத்தில் சுட்டு முன்னொட்டோடு வருவதால் அது பெயர் இல்லை, பதவி: கடவுளின் அவையில் குற்றம் சாட்டும் வக்கீல். அனுமதி கேட்டுத்தான் யோபைத் தொடுகிறான். ஜரதுஷ்டிர மதத்தின் தீய சக்தியான அஹ்ரிமன் அஹுர மஸ்தாவிடம் அனுமதி கேட்டு எதையும் செய்வதில்லை. அவன் இன்னொரு கட்சி.

3 ஜூன், காலை 7.30

"தேதியைப் பாருங்கள், எது முந்தியதோ அது மூலம்" என்று மேலே ஒருவர். தேதிதான் இந்த விவாதத்தின் முள்ளே.

ஜரதுஷ்டிரரின் பாடல்கள் காதாக்கள், மொத்தம் 17. அவற்றின் மொழி ரிக் வேதத்தை ஒட்டி நிற்பதால் கி.மு. 1500-க்கும் 1000-க்கும் இடையில் வைப்பவர்கள் அதிகம். பஹ்லவி (இடைக்காலப் பாரசீகம்) மரபு "அலெக்சாந்தருக்கு 258 ஆண்டு முன்" என்கிறது. அப்படியானால் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு, கோரேசுக்கு அண்டை வீட்டுக்காரர். எப்படியானாலும் பாடல்கள் வாய்மொழியாகவே வந்தவை. ஜரதுஷ்டிர வேதமான அவெஸ்தாவுக்கென்று தனி எழுத்தை உருவாக்கியதே, இஸ்லாமுக்கு முன் பாரசீகத்தைக் கடைசியாக ஆண்ட சாசானியர் காலத்தில்தான். கையில் இருக்கும் அவெஸ்தா ஏடுகள் கி.பி. 13, 14-ஆம் நூற்றாண்டுக்கு முன்னே போகவில்லை. ஒரே விலக்கு, சீனத்தின் துன்ஹுவாங்கில் கிடைத்த, சொக்தியம் என்ற மத்திய ஆசிய மொழித் தாளில் "அஷெம் வொஹு" மந்திரம். அதுவும் 9-ஆம் நூற்றாண்டை ஒட்டியது. உலக முடிவு, உயிர்த்தெழுதல் பற்றி விலாவாரியாகப் பேசும் பஹ்லவி நூலான புந்தஹிஷ்ன் கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் வடிவம் பெற்றது. சாக்கடல் ஓரத்துக் குகைகளில் கிடைத்த யூத ஏடுகளான கும்ரான் சுருள்களோ பெரும்பாலும் கிறிஸ்துவுக்கு முந்தையவை.

ஆகவே மூலம் என்று சொல்லப்படும் பக்கத்தின் ஏடு, கடன் வாங்கியது என்று சொல்லப்படும் பக்கத்தின் ஏட்டைவிட ஆயிரம் ஆண்டுக்கு மேல் இளையது. புந்தஹிஷ்னிலிருந்து ஒரு வரியை எடுத்துத் தானியேலோடு ஒட்டிவிட்டு "பார்த்தீர்களா" என்பதில் நடக்கும் பிழை இதுதான்.

3 ஜூன், மாலை 6.20

காலையில் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கிவிட்டேன். ஏடு இளையது என்பதால் கருத்தும் இளையது ஆகாது. சங்கப் பாட்டின் ஓலைக்கு வயது சில நூற்றாண்டு, பாட்டின் வயது வேறு. அதே சலுகை இதற்கும் உண்டு.

வெளிச்சாட்சியும் இருக்கிறது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டுக் கிரேக்கர் தியோபொம்பஸ். அவர் நூல் தொலைந்துவிட்டது, பிறர் எடுத்தாண்டதே மிச்சம். மாகியர், அதாவது பாரசீகப் பூசாரிகள், மனிதர் மீண்டும் உயிர் பெற்று அழியாமல் இருப்பர் என்று நம்புவதாக அவர் எழுதியதை தியோகெனஸ் லேர்ட்டியஸ் தருகிறார். புளூட்டார்க் தருவது இன்னும் விரிவு: மூவாயிரம் ஆண்டுக் கணக்கில் இரு சக்திகளும் மாறி மாறி மேலோங்கும், பிறகு போரிடும், கடைசியில் மனிதருக்கு உணவு வேண்டாம், நிழலும் விழாது.

தானியேல் 12:2, "பூமியின் தூளிலே நித்திரைபண்ணுகிறவர்கள்" எழும் வசனம், எழுதப்பட்டது கி.மு. 165-ஐ ஒட்டி. பாரசீகப் பக்கம் குறைந்தது நூற்றைம்பது ஆண்டு முந்தி நிற்கிறது. இதில் உங்கள் கட்சிக்கு ஒரு புள்ளி தரலாம்.

3 ஜூன், மாலை 6.55

தரலாம், முழுப் புள்ளி இல்லை. தானியேலில் எழுபவர்கள் "அநேகர்", எல்லாரும் அல்ல. சிலர் நித்திய ஜீவனுக்கு, சிலர் நித்திய நிந்தைக்கு. யூதரை ஒடுக்கிய கிரேக்க அரசன் அந்தியோக்கஸ் காலத்தில் தோராவுக்காக, அதாவது யூத வேதச் சட்டத்துக்காக, செத்தவனுக்கு நியாயம் எங்கே என்ற கேள்வியிலிருந்து பிறந்த வசனம் அது. புந்தஹிஷ்ன் காட்சி வேறு தினுசு. எலும்பைப் பூமியிடமிருந்தும், இரத்தத்தை நீரிடமிருந்தும், மயிரைச் செடிகளிடமிருந்தும், உயிரை நெருப்பிடமிருந்தும் திரும்பக் கேட்டு வாங்குவார்கள். வேலை முடிய 57 ஆண்டு. பிறகு உருகிய உலோக ஆறு. நல்லவனுக்கு அது வெதுவெதுப்பான பாலில் நடப்பது போல இருக்கும், கெட்டவனுக்குச் சுடும். சுட்டுச் சுத்தமாகி அவனும் கரையேறுவான். கடைசியில் எல்லாருக்கும் விடுதலை.

எசேக்கியேல் 37-இன் உலர்ந்த எலும்புப் பள்ளத்தாக்கை இதற்குள் இழுக்காதீர்கள். எசேக்கியேல் கோரேசுக்கு முந்தியவர், அந்த எலும்புகள் "இஸ்ரவேல் வம்சத்தார் அனைவரும்" என்று 11-ஆம் வசனமே விளக்கிவிடுகிறது.

4 ஜூன், காலை 11.00

கருத்தை விட்டுச் சொல்லுக்கு வாருங்கள், தரை கெட்டியாக இருக்கும்.

எபிரேய விவிலியத்தில் பாரசீகச் சொற்கள் இருக்கின்றன, அவை உட்கார்ந்திருக்கும் நூல்களையும் கவனியுங்கள்: எஸ்றா, நெகேமியா, எஸ்தர், தானியேல், பிரசங்கி, உன்னதப்பாட்டு. ஆளுநனுக்கு "அஹஷ்தர்பன்", பொக்கிஷக்காரனுக்கு "கிஸ்பார்", அரசாணையின் நகலுக்கு "பத்ஷேகென்", இரகசியத்துக்கு "ராஸ்", சட்டத்துக்கு "தாத்". எல்லாமே அலுவலகச் சொற்கள். நம்மூரில் தாசில்தார், ஜமாபந்தி, வக்கீல் வந்து ஒட்டிக்கொண்டது போல.

எஸ்றா 1:8-இல் கோயில் பாத்திரங்களை எண்ணிக் கொடுக்கும் பொக்கிஷக்காரன் பெயர் மித்திரேதாத், "மித்ரன் கொடுத்தவன்". யாவே கோயிலின் தட்டுமுட்டுக்குக் கணக்கு முடித்துக் கொடுத்தவன் பெயரில் ஈரானிய தெய்வம். இதைவிட நேரான சந்திப்பு விவிலியத்தில் இல்லை.

"தாத்" மட்டும் ஊழியம் முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. எஸ்றா 7-இல் பாரசீக அரசன் அர்தசஷ்டா, எஸ்றாவைக் கடவுளின் "தாதா"வை எழுதும் எழுத்தன் என்கிறான். தோராவுக்கே பாரசீகச் சட்டச் சொல். இன்றைய எபிரேயத்தில் "மதம்" என்பதற்கு உள்ள சொல் அதே தாத்.

4 ஜூன், காலை 11.45

"பரதீசு விட்டுப்போச்சே" என்று கேட்கிறார்கள். விடவில்லை, தனியாக வைத்திருந்தேன், ஏனென்றால் எல்லாரும் வழுக்குகிற இடம் அது.

அவெஸ்தாவில் "பைரி-தஏஸ". பைரி என்பது வடமொழி "பரி", சுற்றி. தஏஸ என்பது பிசைந்து எழுப்பிய சுவர். வடமொழி "தேஹ" அதே வேர், ஆக நம் "தேகம்" பரதீசுக்குப் பங்காளி. சரி, அவெஸ்தாவின் தீட்டு விதிகளைச் சொல்லும் பகுதியான வெந்திதாத் 3-இல் இந்தச் சுற்றுச்சுவர் யாருக்கு? பிணத்தைத் தனியாளாகத் தூக்கித் தீட்டுப்பட்டவனை ஒதுக்கி வைக்க. சொர்க்கத்துக்கு அவெஸ்தாவின் சொல்லே வேறு.

எபிரேயத்தில் அது "பர்தேஸ்", மூன்றே இடம்: நெகேமியா 2:8-இல் அரசனின் வனம், பிரசங்கி 2:5-இல் பழத்தோட்டம், உன்னதப்பாட்டு 4:13-இல் மாதுளைத் தோப்பு. கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் ஏதேன் தோட்டத்துக்கு "பரதெய்சோஸ்" என்று போட்டார்கள். அங்கிருந்துதான் சொல் மேலே ஏறுகிறது. லூக்கா 23:43-க்குள் அது சொர்க்கம். பாரசீகர் கொடுத்தது வேலி. சொர்க்கத்தை உள்ளே கட்டியது கிரேக்க மொழி பேசிய யூதர்.

4 ஜூன், இரவு 10.10

கருத்தும் சொல்லும் சேர்ந்தே வந்த ஒன்று உண்டு: பழைய யூதக் கதைநூலான தோபித்தில் வரும் அஸ்மோதேயு. சாராளின் ஏழு மாப்பிள்ளைகளை முதலிரவில் கொன்ற பேய். அவெஸ்தாவின் கோபப் பேய் "அஏஷ்ம", பேய்க்குச் சொல் "தஏவ". அஏஷ்ம-தஏவ, அஸ்மோதேயு. கதை நடப்பதும் ஈரானின் மேதியாவில், எக்பத்தானாவிலும் ராகேசிலும். தோபித்தின் அரமேய, எபிரேயத் துண்டுகள் கும்ரான் நான்காம் குகையில் கிடைத்திருப்பதால் நூலின் பழமையிலும் சந்தேகமில்லை. கைமேல் ஆதாரம்.

5 ஜூன், காலை 8.00

கைமேல் என்றது அவசரம். மூன்று திருத்தம்.

அஏஷ்ம அவெஸ்தாவில் உண்டு. ஆனால் "அஏஷ்ம-தஏவ" என்று சேர்ந்த பெயராக அங்கே வரவில்லை. "கெஷ்ம் தேவ்" என்ற சேர்க்கை பஹ்லவியில்தான். எபிரேயத்தில் "அழி" என்பதற்கு ஷ-ம-த என்ற வேர் இருப்பதால், கேட்ட யூதக் காதுக்கு அந்தப் பெயர் உள்ளூர்ப் பெயராகவும் ஒலித்திருக்கும். மூன்றாவது, தோபித்தின் பேய் காமத்தால் கொல்கிறான், அஏஷ்ம கோபத்தின் உரு, கையில் இரத்தம் தோய்ந்த ஆயுதம். பெயர் வந்தது, வேலை மாறிவிட்டது. ஈரானியப் பெயர் என்பதில் எனக்கு இன்னமும் சந்தேகமில்லை. ஆனால் பேயை விரட்டுவது மீனின் ஈரலையும் இதயத்தையும் நெருப்பில் போட்ட புகை. நெருப்பில் செத்த சதையைப் போடுவது ஜரதுஷ்டிர முறையில் பெரும்பாவம்!

5 ஜூன், பகல் 2.30

கும்ரான் பற்றிக் கேட்டவருக்கு. 1947-இல் முதல் குகையில் கிடைத்த சமூக விதிச் சுருள், மூன்றாம் நான்காம் பத்திகள். உண்மையின் ஆவி, அநீதியின் ஆவி. ஒளிகளின் தலைவன், இருளின் தூதன். மனிதகுலம் இரண்டாகப் பிரிந்து இரண்டின் கீழ். காதாக்களில் ஒன்றான யஸ்னா 30-இல் இரட்டை ஆவிகள், ஒன்று நல்லது, மற்றது கெட்டது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் புல்லரிக்கும். புல்லரிப்பு ஆதாரமாகாது.

காதாவில் ஆவிகள் தாமே தேர்கின்றன, மனிதனும் தேர்கிறான். தேர்வுதான் அந்த மதத்தின் முதுகெலும்பு. சுருளிலோ இரு ஆவிகளையும் படைத்தது கடவுள், யாருக்கு எவ்வளவு பங்கு என்று அளந்து போட்டதும் அவரே. ஜரதுஷ்டிரருக்கு இது தலைகீழ். ஏசாயா 45:7-இல் ஒளியைப் படைத்து இருளையும் உண்டாக்குகிறவர், தீங்கையும் உண்டாக்குகிறவர் "நானே" என்று முழங்கும் குரல்தான் சுருளுக்குள்ளும் கேட்கிறது. (அந்த வசனத்தைக் காலை ஜெபத்தில் சேர்த்தபோது "தீங்கை" என்பதை எடுத்துவிட்டு "எல்லாவற்றையும்" என்று மாற்றியிருக்கிறார்கள். சங்கடம் அவர்களுக்கும் இருந்திருக்கிறது.)

சுர்வான் என்ற காலக்கடவுளிடமிருந்து இரண்டும் பிறந்தன என்ற ஈரானியக் கிளையோடு ஒப்பிட்டால் இடைவெளி குறையும். கி.மு. 4-ஆம் நூற்றாண்டுக் கிரேக்கர் யூதேமஸ் அதற்குச் சாடையாகச் சாட்சி. அதைத் தாண்டி என் கை நீளாது.

5 ஜூன், பகல் 3.15 (கேட்டவர்)

ஆக ஒன்றுமே வாங்கவில்லை என்கிறீர்கள்?

5 ஜூன், மாலை 5.40

அப்படிச் சொல்லவில்லை. தவறான காலத்தில் தேடுகிறீர்கள் என்கிறேன்.

கோரேசு தொடங்கிய அகமனியப் பேரரசில் இரு தரப்பும் அருகருகே இருந்ததற்குக் காகிதமே சாட்சி. எகிப்தின் தென்கோடியில் யேப் தீவு, எலிபந்தைன். அங்கே பாரசீகச் சம்பளத்தில் யூதக் காவல்படை, யாவேக்குச் சொந்தக் கோயில். அஹுர மஸ்தா அருளால் பொய்யரை வென்றேன் என்று பாரசீக அரசன் தாரியு பிசுத்தூன் பாறையில் வெட்டிய கல்வெட்டின் அரமேய நகல் அந்தத் தீவில் கிடைத்தது. கோயில் ஊழியன் அனனியாவின் சொத்துப் பத்திரத்தில் சாட்சி போட்டவர்களில் இருவர் "மகுஷ்", மாகியர், ஆண்டு கி.மு. 434. கி.மு. 410-இல் எகிப்தியக் கடவுள் க்னூமின் கோயில் பூசாரிகள் பாரசீக அதிகாரி விதரங்காவின் துணையோடு யாவே கோயிலை இடித்தார்கள். 407-இல் யூதாவின் ஆளுநன் பகோகிக்கு மனு. வந்த பதிலில் மாவுக் காணிக்கைக்கும் தூபத்துக்கும் அனுமதி, தகனபலி பற்றிப் பேச்சில்லை. நெருப்பில் சதை போடுவதைப் பாரசீகர் விரும்பவில்லை என்று ஒரு விளக்கம். க்னூமுக்கு ஆட்டுக்கடாத் தலை, ஆட்டை வெட்டினால் மறுபடி கலவரம் என்று இன்னொன்று. எருசலேமுக்கு வெளியே பலி கூடாது என்று மூன்றாவது. இரண்டாவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது, இடித்தது க்னூம் ஆட்கள் என்பதால்.

பழகியிருக்கிறார்கள், பத்திரம் எழுதியிருக்கிறார்கள். மதம் பேசிக்கொண்ட ஒரு வரிகூட அந்தக் காகிதங்களில் இல்லை.

6 ஜூன், காலை 9.20

பேசிக்கொண்ட வரிகள் வேண்டுமென்றால் ஏழெட்டு நூற்றாண்டு இறங்கி சாசானியப் பாபிலோனுக்கு வரவேண்டும். யூத அறிஞர்களின் விவாதத் தொகுப்பான பாபிலோன் தல்மூதில் ஜரதுஷ்டிரப் பூசாரி தெருவில் எதிர்ப்படுகிற ஆள். பெயர் "ஹபார்". ஹனுக்கா பண்டிகை விளக்கை அவர்களுக்குப் பயந்து ஓய்வுநாளில் நகர்த்தலாமா என்று தல்மூதின் ஷபாத் பகுதி, 45அ, கேட்கிறது. அவர்கள் நெருப்பு விழா நாட்களில் வேறு வீட்டில் விளக்கு எரியக்கூடாது. ஹபார்கள் வந்து இறைச்சி, குளியல், புதைத்த பிணம் மூன்றிலும் கை வைத்தார்கள் என்கிறது யெவாமோத் 63ஆ. மூன்றையும் அவர்கள் பக்கம் நின்று பாருங்கள்: வெட்டும் முறை, தண்ணீரைத் தீட்டாக்குவது, மண்ணுக்குள் பிணம். மூன்றும் ஜரதுஷ்டிர விதிகளில் இடிக்கிற இடங்கள்.

சன்ஹெத்ரின் 39அ-வில் ஒரு மாகியன் ரபீ அமேமாரிடம் சொல்கிறான்: உன் இடுப்புக்கு மேல் ஹொர்முஸ்துடையது, கீழே அஹ்ரிமனுடையது. அமேமார்: அப்படியானால் தன் நிலத்தின் வழியே தண்ணீர் போக அஹ்ரிமன் எப்படி விடுகிறான்? இதற்கு உரை தேவையில்லை.



 

6 ஜூன், பகல் 12.50

நகம். இந்த இழையில் எனக்குப் பிடித்த ஒப்பீடு இதுதான், பெரிய தத்துவம் எதுவும் இல்லை என்பதால்.

வெந்திதாத் 17: வெட்டிய நகத்தையும் மயிரையும் நல்லோரிடமிருந்து 10 அடிவைப்பு, நெருப்பிலிருந்து 20, நீரிலிருந்து 30, பூசையில் பிடிக்கும் பர்சம் என்ற குச்சிக் கட்டிலிருந்து 50 அடிவைப்பு தள்ளிக் கொண்டுபோக வேண்டும். மயிருக்கு, மண் கெட்டியானால் 10 விரற்கடை ஆழம், இளகினதானால் 12 விரற்கடை குழி. நகத்துக்கு உலோகக் கத்தியால் சுற்றிலும் கோடு, மந்திரம். செய்யாவிட்டால் அந்த நகங்கள் பேய்களின் கையில் ஈட்டியும் அம்பும் ஆகும்.

தல்மூத், நித்தா 17அ: நகத்தை எரிப்பவன் பக்திமான், புதைப்பவன் நீதிமான், எறிபவன் துன்மார்க்கன். காரணம், கர்ப்பிணி மிதித்தால் கரு கலையும்.

ஒரே ஊர், ஒரே பயம், இரண்டு காரணம். உயர்ந்த படி எது என்று பாருங்கள்: எரிப்பது. ஜரதுஷ்டிரன் காதில் விழுந்தால் பதறியிருப்பான். அண்டை வீட்டான் பழக்கத்தை எடுத்து, அவன் செய்யவே கூடாததை உச்சியில் வைத்திருக்கிறார்கள். வாங்குவதென்றால் நடைமுறையில் இப்படித்தான் இருக்கும்.

6 ஜூன், இரவு 8.30

"ஆறு நாள் படைப்பு இரண்டிலும் இருக்கிறதே" என்றவருக்கு. ஆறு படைப்பு உண்டு, ஆறு நாள் இல்லை. புந்தஹிஷ்னில் வானம் 40 நாள், நீர் 55, நிலம் 70, செடி 25, கால்நடை 75, மனிதன் 70, ஒவ்வொன்றுக்கும் பின்னால் 5 நாள் ஓய்வு. கூட்டினால் சரியாக 365. அது ஆண்டுத் திருவிழாக் கணக்கு, ஆதியாகமம் வாரக் கணக்கு. ஏழாம் நாள் ஓய்வுக்கு இங்கே இடமே இல்லை.

பூரிம் என்ற யூதப் பண்டிகை பாரசீகருடையது என்பதும் நிற்காது. "பூர்" அக்காடியச் சொல், சீட்டு. அந்தப் பண்டிகைக் கதையில் வரும் மொர்தெகாய் பெயருக்குள் இருப்பது மர்துக், அஹுர மஸ்தா இல்லை.

7 ஜூன், மாலை 4.00

தமிழ்ப்பக்கம் ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தார்கள். உண்டு. கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு, கி.பி. 849, வேணாட்டு அய்யனடிகள் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு, அதாவது தேவாலயத்துக்கு, கொடுத்தது, வட்டெழுத்து. கடைசி ஏட்டில் வணிகர்களின் சாட்சிக் கையொப்பங்கள்: கூஃபி அரபியில் 11, பஹ்லவியில் 10, எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகத்தில் 4. பஹ்லவிக்காரரில் ஜரதுஷ்டிரரும் உண்டு, கிறிஸ்தவரும் உண்டு. நான்கு யூதரும் பேசியது பாரசீகம், எழுத்து மட்டும் தங்களுடையது. செப்பேட்டில் வரும் "அஞ்சுவண்ணம்" வணிகக் குழுவின் பெயரும் "ஹஞ்சமன்", அதாவது கூட்டம், என்ற ஈரானியச் சொல்லின் தமிழ் உருவம். இந்திய ஜரதுஷ்டிரரான பார்சிகள் இன்று தங்கள் சங்கத்துக்கு வைத்திருக்கும் "அஞ்சுமன்" அதேதான்.

பஹ்லவியிலும் எபிரேய எழுத்திலும் சாட்சி வாய்பாடு ஒன்றே: அவ்வாறே, நானும் இதற்குச் சாட்சி.